மஸ்கட்டிலிருந்து எண்ணூருக்கு ஒரு மிதவைக் கட்டை

ஊருக்குப் போகிறவன் கையில் எதையாவது திணித்துவிடுவது வளைகுடாத் தமிழர்களின் பிறப்புரிமை. பேரீச்சம்பழம், கோடாலித் தைலம், யாரோ ஒருவருடைய மாமியாருக்கு மூக்குக் கண்ணாடி என்று இருபது வருஷமாகச் சுமந்துவிட்டேன். மரக்கட்டையைச் சுமந்தது இந்த ஆனி மாதம்தான் முதல் தடவை.

கொடுத்தவன் கோதண்டம். எண்ணூர் மீனவன். மஸ்கட்டில் ஒரு அரபியின் படகில் இரண்டு வருஷமாகக் கூலிக்கு வலை இழுக்கிறான். துறைமுகத்துக்கு எதிரே நான் கல்லாவில் உட்காரும் மளிகைக் கடைக்கு, படகு கரையில் கிடக்கும் வெள்ளிக்கிழமைகளில் வருவான். நான் திருநெல்வேலிக்காரன், போதாததற்குக் கடைக்காரன். அதனால் அவனுக்கு நான் அண்ணாச்சி.

அவர்கள் ஊரில் ஆற்றில் மீன் பிடிக்கப் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. ஆறு கடலில் சேரும் இடத்தில் வலை போடத் தோதான இடங்களைப் பிரித்து, குடும்பத் தலைவர்களின் பெயர்ப் பட்டியல் வைத்து, முறை போட்டுக்கொள்வார்கள். அடிதடி வராமலிருக்கப் பாட்டன் காலத்து ஏற்பாடு. வருஷத்துக்கு ஒரு நாள் கோயில் வாசலில் பட்டியலை வாசிப்பார்கள். ஆள் இருந்தால் எழுந்து பதில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அவன் குடும்பத்து அடையாளம் சுட்ட வலை மிதவைக் கட்டையை யாராவது ஓர் ஆண்பிள்ளை சபையில் வைக்க வேண்டும். ஆளும் இல்லை, கட்டையும் இல்லை என்று அடுத்தடுத்து இரண்டு வருஷம் ஆனால் பெயரை அடித்துவிடுவார்கள். அப்புறம் அவனுக்கும் அவன் வாரிசுக்கும் ஆற்றில் உரிமை கிடையாது.

வெளிநாட்டுக்குப் போகிற மற்றவர்கள் கட்டையை வீட்டில் விட்டுவிட்டு ஆள் மட்டும் விமானம் ஏறுவார்கள். நம் ஆள் ஊர் ஞாபகத்துக்கென்று கட்டையையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். போன வருஷம் பெயர் வாசித்தபோது அவனும் கட்டையும் சேர்ந்தே மஸ்கட்டில் இருந்தார்கள். இது இரண்டாவது வருஷம்.

"கூரியர்ல அனுப்பித் தொலையேன்டே" என்றேன்.

"கூரியர்ல போனா அது பார்சல் அண்ணாச்சி. மன்சன் கையால போனா தான் செல்லும். கூடப்பொறந்தவனும் தோஹாவுல கீறான். நீ தான் வெக்கணும். தலைவராண்ட சொல்லிட்டேன்" என்றான். நான் சம்மதித்தேனா என்று ஒருவரும் கேட்கவில்லை.

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி கட்டையைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். மரம் என்றேன். மரத்துக்குள்ளே என்றார். மரம்தான் சார் என்றேன். மூன்று கோடும் ஒரு வட்டமும் சுட்டிருந்த அந்தக் கட்டையை மேலதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்டினார். தங்கம் கடத்துகிறவனைக்கூட இத்தனை நேரம் நிறுத்தியிருக்கமாட்டார்கள்.

தங்கியது ராயபுரத்தில், என் மைத்துனன் ஜெபராஜ் வீட்டில். மொத்த அரிசி வியாபாரம். மறுநாள் காலை, ராயபுரத்துக்கு வந்துவிட்டு மீன் சாப்பிடாமல் போவதா என்று அவனை இழுத்துக்கொண்டு காசிமேட்டுக்குப் போனேன். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போய்வரத் தொடங்கிய நேரம். இரண்டு மாதம் கடலைச் சும்மா விட்டு வைத்தார்களே, மீன் கொட்டிக் கிடக்கும் என்று நினைத்தேன்.

கொட்டித்தான் கிடந்தது. விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகள். இன்ன மீன் என்று முகம் தெரியாத வயசில் அள்ளிக்கொண்டு வந்து மண்ணள்ளும் கருவியால் தள்ளிக் குவித்திருந்தார்கள். இதை யார் சாப்பிடுவார்கள் என்று படகில் நின்றவரைக் கேட்டேன்.

"கோழி சார். தீவனத்துக்குப் போவுது."

"பெரிய மீன் எங்கே?"

"குட்டியவே வுட்டு வெக்கல, பெருசு எங்கேந்து வரும்? நாம வுட்டா பக்கத்து போட்டுக்காரன் வாரிகினு பூடுவான். டீசல் போட்டுகினு போய்ட்டு சும்மா வர சொல்றியா?" என்று என் மேலேயே கோபப்பட்டார். அவர் படகில் மீன் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒடியா மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள். எண்ணூர்க்காரன் மஸ்கட்டில், ஒடிசாக்காரன் காசிமேட்டில். ஒடிசாவில் யார் வலை இழுக்கிறார்கள் என்று கேட்க எனக்குத் தெம்பில்லை.

சரி, வந்ததற்கு மத்தியாவது வாங்கலாம் என்று ஒரு கடையில் நின்றேன். பனிக்கட்டிக்குள் பளபளவென்று அடுக்கி வைத்திருந்தார்கள்.

"ஓமான் மத்தி சார். நெய்யி மாரி கீது. எத்துகினு போ" என்றாள் விற்கிற பெண்.

"நானே ஓமானிலிருந்துதான் வர்றேன்மா."

"அப்போ மீனும் நீயும் ஒண்ணா வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்துச் சிரித்தாள். ஜெபராஜும் சேர்ந்து சிரித்தான். மஸ்கட்டில் என் கடை வாசலில் கிடைக்கிற மீனைக் கடல் தாண்டி வந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அன்று மதியம் எண்ணூருக்குக் கிளம்பினேன். "ரயில்ல போங்க அத்தான்" என்று ஜெபராஜ் படித்துப் படித்துச் சொன்னான். நான்தான் கடலைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்று ஷேர் ஆட்டோவில் ஏறினேன். அந்தச் சாலைக்கு விரைவுச் சாலை என்று பெயர் வைத்தவர் கையில் கிடைத்தால் அவரையும் ஒரு நாள் அதில் உட்கார வைக்க வேண்டும். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. ஒரு லாரி ஓட்டுநர் கீழே இறங்கி, அடுப்பு மூட்டி, சோறு வடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் நின்ற நேரத்தில் அது வெந்தும்விட்டது.

"இன்னாத்துக்கு சார் பேஜார் ஆவுற? லாரி நவுந்தா நாமளும் நவுருவோம்" என்றார் ஆட்டோக்காரர். திருவொற்றியூர் தாண்டியதும் ஆட்டோவும் நவுர மறுத்துவிட்டது. கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தேன்.

மஸ்கட்டில் கார் அழுக்காக இருந்தால் அபராதம் போடுவார்கள். அந்தப் போலீஸ்காரரைக் கொண்டுவந்து இங்கே நிறுத்தினால் முதல் நாளிலேயே ரசீதுப் புத்தகம் தீர்ந்துவிடும். மரத்தில் தூசி, கொடியில் காயும் துணியில் தூசி, என் நாக்கில் தூசி. ஒரு பக்கம் கழிவறை கழுவும் மருந்து மாதிரி ஒரு நெடி, இன்னொரு பக்கம் பெட்ரோல் வாடை. கடல் எங்கே என்று பார்த்தால், கொட்டிவைத்த பாறாங்கல்லுக்கு அப்பால் ஒரு கீற்றாகத் தெரிந்தது.

கோதண்டத்தின் வீட்டைக் கண்டுபிடித்தபோது கதவு பூட்டியிருந்தது. அந்த வரிசையில் பாதி வீடு பூட்டித்தான் கிடந்தது. பக்கத்து வீட்டம்மா, "அமுலுவா? அது மீஞ்சூர் மார்க்கெட்டாண்ட மீன் விக்குது. நாளைக்கி அங்கியே போய் பாரு" என்றார். ஒரு போன் பண்ணிவிட்டு வந்திருக்கலாம். எனக்கு அப்போது வந்த கோபம் என் மேல்தான். திரும்பும்போது புத்தியாக ரயிலில் ஏறினேன்.

மூன்றாம் நாள் மீஞ்சூர். கோதண்டத்தின் மனைவி அமுலு, குடை ஒன்றை நட்டுக்கொண்டு தட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். தட்டில் மத்தி. எந்த ஊர் மத்தி என்று நான் கேட்கவில்லை, அந்தப் பளபளப்பு எனக்கு இப்போது பழகிவிட்டது. அதிகாலையில் காசிமேட்டுக்குப் போய் எடுத்து, ரயிலில் கொண்டுவந்து விற்கிறாள். வீட்டுக்குப் பின்னால் ஆறு, முன்னால் கடல். இவள் விற்பது ஓமான் மீன். அதைப் பிடித்தது அவள் புருஷனாகவே இருந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.

மஸ்கட்டிலிருந்து வருகிறேன் என்றதும், "நாஸ்தா துன்னியா அண்ணாச்சி?" என்று கேட்டு, நான் வாய் திறப்பதற்குள் இட்லியும் வடகறியும் வரவழைத்தாள். வடகறி என்றால் நேற்று மிஞ்சிய வடையை இன்று குழம்பில் போட்டு ஒப்பேற்றுவது என்று திருநெல்வேலியில் நாங்கள் கேலி செய்வோம். நான்கு இட்லிக்கு மேல் உள்ளே போனது. அந்த ஊரில் நான் குறை சொல்லாத ஒரே விஷயம் அதுதான்.

"கட்டைய எத்துகினு வந்தியா?"

"பத்திரமா இருக்கும்மா. நாளைக்கு வச்சுடுதேன்."

"வெக்காத."

பிட்ட இட்லியை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

"தொலஞ்சி பூட்சின்னு சொல்லிடு. ஏரோப்ளேன்ல வுட்டுட்டேன்னு சொல்லு. பேர அடிச்சிட்டு போட்டும்."

"ஏம்மா, உன் புருஷன் இதுக்குத்தானே என்னைய..."

"பேரு கீதுன்னா அவுரு வந்துடுவாரு அண்ணாச்சி" என்றாள் அமுலு. "போன் பண்ணசொல்லோ எல்லாம் இதே பேச்சி. பாடு கீதுல்ல, வந்து பொயச்சிக்கலாம்னு. இன்னாத்த பொயைக்கிறது? அனல் மின்நிலையத்து சாம்பலு வந்து ஆறே தூந்து போய்ட்சி. எறங்குனா காலு அரிக்கிது. புயல் வெள்ளத்துல கம்பேனி எண்ண வந்து வலையெல்லாம் கருப்பாயி, அத்தினியும் தூக்கிக் கடாசிட்டோம். கடலுக்குப் போலாம்னா பெரிய போட்டுக்காரன் கரை வரிக்கும் வந்து வாரிகினு பூட்றான். பொண்ணு நர்சிங் பட்ச்சிகினு கீது. இன்னும் ரெண்டு வருசம். அது வரிக்கும் அவுரு அங்கியே கெடக்கட்டும்."

"இதை அவன்கிட்டயே சொல்லலாம்லா?"

"சொன்னா கேக்குற ஆளா? ரெண்டு வருசமா நீயும் தான பாத்துகினு கீற."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். புருஷன் வை என்கிறான், பெண்டாட்டி வைக்காதே என்கிறாள். இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருந்ததுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒருவர் பக்கமாவது அநியாயம் இருந்திருந்தால் திட்டிவிட்டுத் தூங்கப் போயிருப்பேன். அவளுக்கு நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. கொடுக்கச் சொல்லி அவளும் கேட்கவில்லை. தட்டிலிருந்த மீனுக்குத் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்துவிட்டாள்.

நான்காம் நாள், வெள்ளிக்கிழமை. காலை வெயிலில் அம்மன் கோயில் முன்னால் மணலில் சபை கூடியிருந்தது. ஆண்கள் கயிறு கட்டிய வட்டத்துக்குள்ளே, பெண்கள் வெளியே வலைக்கூடத்து ஓரமாக. ஊர்த் தலைவர் தேசப்பன் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு வாசித்தார்.

"எட்டியப்பன்."

"கீறேன்."

"வேலு."

ஒருத்தர் கட்டை ஒன்றை மணலில் வைத்தார். "துபாய்."

"முனுசாமி."

கட்டை. "ஸ்ரீபெரும்புதூரு. கம்பேனி வாட்ச்மேன்."

"தாமோதரன்."

கட்டை. "கத்தாரு."

போகப் போக 'கீறேன்' குறைந்தது. எழுந்து பதில் சொன்னவர்கள் பெரும்பாலும் வயசானவர்கள். மணலில் கட்டைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கட்டைகளுக்கு மட்டும் தனியாக ஒரு பந்தி வைக்கலாம் போலிருந்தது.

"கோதண்டம்."

நான் எழுந்தேன். கட்டை என் கையில்தான் இருந்தது. வலைக்கூடத்து ஓரத்தில் அமுலு நின்றாள். என்னைப் பார்க்காமல் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோதண்டம்" என்றார் தலைவர் இரண்டாம் தடவை. மூன்று தடவைக்கு மேல் வாசிக்கமாட்டார்கள்.

நர்சிங் படிக்கிற பெண்ணை நினைத்தேன். வெள்ளிக்கிழமைதோறும் என் கடை வாசலில் உட்கார்ந்து, பாடு, பாடு என்று என் காதைத் தின்றவனையும் நினைத்தேன். கால் நகரவில்லை. இருபது வருஷம் கல்லாவில் உட்கார்ந்து, சரியோ தப்போ சட்டென்று முடிவெடுத்துப் பழகியவன் நான்.

"இன்னா தலைவரே பாத்துகினு? அடிச்சிட்டு போவியா" என்று வட்டத்துக்குள்ளிருந்து ஒரு நடுவயதுக்காரர் குரல் கொடுத்தார். "ஒரு பேரு கொறஞ்சா நம்ம மொறை சீக்கிரம் வரும். அவன் இன்னா இனிமே இந்த ஊர் ஆளா? ஃபாரின் ஆளு."

"யார்ரா ஊர் ஆளு இல்ல?"

அமுலுவின் குரல். கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். "புள்ளைங்களுக்கு கஞ்சி ஊத்த வக்கில்லாம தாண்டா போனாரு. ஊர வேணான்னு சொல்லிட்டா போனாரு? உன் தம்பி துபாய்ல கீறானே, அவன் மட்டும் ஊர் ஆளா?"

என் கையிலிருந்த கட்டையைப் பிடுங்கி, வரிசையின் கடைசியில், மணலில் அழுத்தி வைத்தாள். "மஸ்கட்டு!" என்றாள்.

பெண்பிள்ளை வைக்கலாமா, கூடாதா என்று பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். "பொம்பள வெக்கக்கூடாதுன்னு அந்த நோட்டுல எய்தி கீதா? காட்டு பாப்போம்" என்று நின்றாள். தலைவர் தேசப்பன் நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கொண்டாந்தது அவரு. வெச்சது அது. கட்டை கீது. அவ்ளோ தான்" என்று பெயருக்கு நேரே எழுதிக்கொண்டார்.

அப்புறம் யாருக்கு எந்த இடம் என்று சீட்டுக் குலுக்கினார்கள். கட்டை வைத்தவரே எடுக்க வேண்டும் என்பதால் அமுலுவே செம்புக்குள் கைவிட்டாள். தலைவர் பிரித்துப் படித்தார். "பெரிய பள்ளம்." வட்டத்துக்குள் ஒரு சிரிப்புப் பரவியது. சற்று முன்னால் கத்தியவரும் சிரித்தார். எனக்கு மட்டும் புரியவில்லை.

அமுலு கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாள். ஆற்றங்கரையில் வரிசையாக அனல் மின்நிலையத்தின் சாம்பல் குழாய்கள். ஒரு காலத்தில் மூங்கில் கழி முழுசாக மூழ்கும் ஆழமாம். இறால் அங்கேதான் இறங்குமாம். இப்போது அங்கே சாம்பல் படிந்து, வெளுத்து, மேடாகிக் கிடந்தது. அதன் மேல் இரண்டு கோழிகள் நடந்துகொண்டிருந்தன. ஓரத்தில் கணுக்கால் அளவு தண்ணீர், வெதுவெதுப்பாக.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. இந்தச் சாம்பல் மேட்டுக்காகவா சுங்க அதிகாரி முன்னால் திருடன் மாதிரி நின்றேன்? அங்கேயே நின்று கோதண்டத்துக்கு வீடியோவில் போன் போட்டேன். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை, உடனே எடுத்தான்.

"பேரு கீதா அண்ணாச்சி?"

"இருக்கு. உன் பெண்டாட்டிதான் வச்சா."

போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தான். "எந்த எடம் வுயுந்துச்சி?"

"பெரிய பள்ளம்" என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பி மேட்டைக் காட்டினேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "நான் கெளம்பசொல்லோவே அது மேடு தான் அண்ணாச்சி."

"தெரிஞ்சுக்கிட்டேவா இந்தக் கட்டைய என் தலையில கட்டின? உனக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்காடே?" என்று கத்தினேன். கோழிகள் ஓடின.

சிரிப்பு நின்றது. "பாஸ்போட்டு அரபியாண்ட கீது அண்ணாச்சி. கேட்டா அப்பறம், அப்பறம்ன்றான். அங்க பேரும் பூட்சின்னா, நான் எந்த ஊர் ஆளு?"

அமுலு என் கையிலிருந்து போனை வாங்கினாள். "பேரு கீது. அதுக்கோசரம் பொட்டிய கட்டிகினு வந்து நிக்காத. ரெண்டு வருசம். வந்தின்னா கால உட்ச்சிடுவேன்" என்றாள். சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு போனைப் பிடித்திருந்தாள். அவனும் வைக்கவில்லை.

கட்டையை என்னிடம் திருப்பித் தரவில்லை. "இனிமே இது எங்கியும் வராது. வருசா வருசம் நானே வெச்சிக்கிறேன்" என்றாள். அதற்குப் பதிலாக ஒரு பொட்டலம் கொடுத்தாள். கருவாடு. விற்காமல் மிஞ்சிய மத்தியைக் கூரை மேல் உலர்த்தியது. ஓமானில் பிடித்து, பனிக்கட்டியில் போட்டு, காசிமேட்டுக்கு வந்து, ரயிலேறி மீஞ்சூர் போய், எண்ணூர் கூரையில் காய்ந்த மீனை, மறுபடி நான் ஓமானுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வாயைத் திறந்து திட்டக்கூடத் தெம்பில்லாமல் வாங்கிக்கொண்டேன். ஐந்து உறை போட்டும் விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் வழியெல்லாம் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கோதண்டம் கடைக்கு வந்தான். கல்லாவுக்கு முன்னாலேயே பொட்டலத்தைப் பிரித்து, ஒரு மீனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மீன்காரனிடம் மறைக்க முடியுமா?

"இந்த ஊர் மத்தியாச்சே அண்ணாச்சி."

"ஆமாடே. உங்க ஊர்ல மீன் இல்ல. என்ன செய்யச் சொல்லுத?"

ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு மெதுவாக மென்றான்.

"மீனு இங்கத்து தான்" என்றான். "வெயிலு நம்ம ஊரு."

மிச்சத்தை மறுபடி மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு படகுக்குப் போனான். கடையில் மூன்று நாள் அந்த வாடை இருந்தது. ஊதுவத்தி ஏற்றச் சொன்ன முதலாளியிடம், இருக்கட்டும், தானாகப் போகும் என்றேன்.